சபையை விட்டு வெளிய வர நினைக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் வடசென்னையில ஒரு ரொம்ப கண்டிப்பான பெந்தெகொஸ்தே சபையில வளர்ந்தவன். நகை கிடையாது, சினிமா கிடையாது, டிவி கிடையாது, காய்ச்சல் வந்தா மாத்திரை கிடையாது எண்ணெய் பூசி ஜெபம்தான், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாசக்கடைசியில முழு இரவு ஜெபம் முடிச்சு விடியக்காலை முதல் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல வீடு. இப்ப எனக்கு அந்த நம்பிக்கை இல்ல. சபை பேரை சொல்லப்போறதில்ல, எங்க அம்மா இன்னும் அங்கதான் போறாங்க, அவங்க நிம்மதி எனக்கு முக்கியம். வெளிய வந்தவங்களும், வரலாமா வேணாமான்னு தவிக்கறவங்களும் என்கிட்ட திரும்பத்திரும்ப கேட்டதை வெச்சு இதை எழுதறேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், நம்பிக்கை போறது ஒரு விஷயம், சபைக்கு போறதை நிறுத்தறது இன்னொரு விஷயம், வீட்ல சொல்றது மூணாவது விஷயம். மூணையும் ஒரே வாரத்துல முடிக்க பாக்கறவங்கதான் ரொம்ப அடிபடறாங்க.

எனக்கு நம்பிக்கையே போயிடுச்சா, இல்ல பாஸ்டர் மேல இருக்கற கோவமா? எப்படி தெரிஞ்சுக்கறது?

நாளைக்கே அந்த பாஸ்டர் போய் ரொம்ப நல்ல மனுஷன் ஒருத்தர் வந்துட்டார்னு வெச்சுக்கங்க, உங்களுக்கு திரும்ப முழங்கால் போட்டு ஜெபம் பண்ண மனசு வருமா? வரும்னா உங்க பிரச்சினை அந்த சபையோட. சென்னையில சி.எஸ்.ஐ. இருக்கு, லுத்தரன் இருக்கு, மெதடிஸ்ட் இருக்கு, கத்தோலிக்கம் இருக்கு, அதெல்லாம் ஆவியில்லாத சபைன்னு சொல்லி நம்மளை வளத்திருப்பாங்க, ஆனா ஒரு ஞாயித்துக்கிழமை கடைசி பெஞ்சில போய் உக்காந்து பாருங்க, அங்க நிம்மதியா இருக்கறவங்க எனக்கே நிறைய பேர் தெரியும். மனசு வராதுன்னா, ஜெபம் பண்ணும்போது அந்தப்பக்கம் கேக்க யாருமே இல்லன்னு தோணுதுன்னா, அது வேற. பெரும்பாலும் ரெண்டும் கலந்துதான் இருக்கும், கேள்வி கேட்டிருப்பீங்க, பிசாசு உன்னை பேச வைக்கறான்னு பதில் வந்திருக்கும், அதுல கோவம் வந்திருக்கும். இதை இப்பவே முடிவு பண்ணியாகணும்னு இல்ல.

வீட்ல இன்னைக்கே சொல்லிடவா? மறைக்கறது பொய் மாதிரி இருக்கு.

ஓய்வுநாள் பள்ளியில பொய் சொல்லாதேன்னு படிச்சு வளந்தவங்களுக்கு இதுதான் பெரிய வலி. ஆனா உங்க மனசுல என்ன இருக்குங்கறதை யார்கிட்ட எப்ப சொல்லணும்னு முடிவு பண்றது உங்க உரிமை, அரசியலமைப்பு சட்டத்தோட 25வது பிரிவு மனசாட்சி சுதந்திரம்னுதான் ஆரம்பிக்குது, அதுல நம்பறதும் அடங்கும் நம்பாததும் அடங்கும். சொல்றதுக்கு முன்னாடி நாலு விஷயம் பாருங்க. உங்க சொந்த சம்பளத்துல வாடகை கட்டி சாப்பிட முடியுமா? பேங்க் அக்கவுண்ட் உங்க பேர்ல மட்டும் இருக்கா, ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் உங்ககிட்டயா அப்பாகிட்டயா? மார்க் ஷீட், டிசி, சாதி சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் ஒரிஜினல் எங்க இருக்கு? டிஜிலாக்கர்ல ஏத்தக்கூடியதை ஏத்தி வெச்சிருக்கீங்களா? சண்டை வந்து ராத்திரி வெளிய போன்னு சொன்னா போய் படுக்க ஒரு இடம் இருக்கா? பெண்களுக்கு அரசோட தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி பக்கம் இருக்கு, வேலைக்கு போறவங்களுக்கு அது நல்ல ஏற்பாடு. சபைக்காரங்க வீட்ல வாடகைக்கு இருக்கீங்க, சபைக்காரர் கம்பெனியிலதான் வேலைன்னா முதல்ல அதை மாத்துங்க, இது நம்ம ஊர்ல ரொம்ப பேர் மறந்துடற விஷயம், ஒரே நாள்ல வீடும் போய் வேலையும் போய் நிக்கறவங்கள நான் பாத்திருக்கேன்.

18 வயசு ஆகலன்னா தயவுசெஞ்சு படிப்பை முடிங்க, இப்ப சண்டை வேணாம். அடி, பட்டினி, ஸ்கூல்ல இருந்து நிறுத்தறதுன்னு போனா மட்டும் குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க.

வெளிய போனவங்களுக்கெல்லாம் ஆக்சிடெண்ட் ஆச்சு, கேன்சர் வந்துச்சுன்னு சாட்சி சொல்றாங்களே. எனக்கும் ஏதாவது ஆயிடுமா?

அந்த சாட்சியை எப்படி தேர்ந்தெடுக்கறாங்கன்னு பாருங்க. சபையை விட்டு போய் ஐ.சி.எஃப் ரயில் பெட்டி தொழிற்சாலையில வேலை கிடைச்சு, பிள்ளைங்கள படிக்க வெச்சு, வீடு கட்டி நல்லா இருக்கறவரை பத்தி மேடையில யாராவது பேசி கேட்டிருக்கீங்களா? அவரை பத்தி பேச்சே வராது. உள்ள இருக்கற விசுவாசி லாரியில அடிபட்டா அது சோதனை, இல்ல கர்த்தர் தன்கிட்ட எடுத்துக்கிட்டார், வெளிய போனவன் பைக்ல இருந்து விழுந்தா அது நியாயத்தீர்ப்பு. ஒரே ரோடு, ஒரே குழி, ரெண்டு விதமான விளக்கம். நோயும் விபத்தும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வருது, மருந்தே எடுக்காத சபையில தீத்துடக்கூடிய நோய்க்கும் ஆள் போறாங்க.

பின்மாற்றக்காரங்களுக்குன்னு, அதாவது விட்டு விலகினவங்களுக்குன்னு, சில வசனம் வெச்சிருப்பாங்க, எபிரெயர் 6ம் அதிகாரம், 2 பேதுரு 2ல கக்கினதை திரும்ப தின்ன நாய், மத்தேயு 12ல மன்னிப்பே இல்லாத பாவம். சின்ன வயசுல இருந்து கேட்டதால அந்த வசனம் தானா மண்டைக்குள்ள ஓடும், நம்பிக்கை போன அப்புறமும் ஓடும். இதே வசனங்களுக்கு கிறிஸ்தவ சபைகளுக்குள்ளயே வேற வேற விளக்கம் உண்டு. உங்களுக்கு சொன்னது அதுல ஒண்ணு மட்டும்தான்.

நம்பிக்கை இல்லன்னு தெரியுது, ஆனாலும் ராத்திரி முழிப்பு வந்தா இயேசு வந்து நம்பறவங்கள எடுத்துட்டுப் போற வருகை நடந்து நான் மட்டும் கைவிடப்பட்டுட்டேனோன்னு உடம்பு நடுங்குது. இது எப்ப போகும்?

இதை கேக்காத ஆளே இல்ல. ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வந்தா வீடு திறந்து கிடக்கும், அடுப்புல சாதம் கொதிக்கும், அம்மா இருக்க மாட்டாங்க, பக்கத்து தெருவுல தண்ணி லாரிக்கு குடத்தோட போயிருப்பாங்க, ஆனா நமக்கு இரகசிய வருகை வந்துடுச்சு எல்லாரும் போயிட்டாங்க நான் மட்டும் இருக்கேன்னு அழுகை வரும். இப்படி வளந்த உடம்பு அறிவு சொல்றதை உடனே கேக்காது. அந்த போதனை எங்கருந்து வந்துச்சுன்னு படிச்சது எனக்கு ரொம்ப உதவுச்சு. 1 தெசலோனிக்கேயர் 4ல இருக்கற வசனத்தை, முதல்ல ரகசியமா ஒரு வருகை அப்புறம் உபத்திரவ காலம் அப்புறம் பகிரங்க வருகைன்னு பிரிச்சு சொல்றதை பரப்பினவர் ஜான் நெல்சன் டார்பிங்கறவர், 1830கள்ல, 1909ல வந்த ஸ்கோஃபீல்டு விளக்க வேதாகமம் அதை உலகம் பூரா கொண்டு போச்சு. கத்தோலிக்கர்கள், லுத்தரன்கள் இன்னைக்கும் அப்படி போதிக்கறதில்ல. ஆதியில இருந்து இதுதான்னு நமக்கு சொன்னது 200 வருஷம்கூட ஆகாத ஒரு விளக்கம்.

பயம் வரும்போது அதோட வாதம் பண்ணாதீங்க. எழுந்து லைட்டை போடுங்க, முகம் கழுவுங்க, முழிச்சிருக்கற ஒரு ஃபிரெண்டுக்கு மெசேஜ் போடுங்க. பெரும்பாலானவங்களுக்கு காலம் போகப்போக குறையுது, முதல்ல தினமும், அப்புறம் எப்பவாவது இடி இடிக்கும்போது மட்டும். குறையவே இல்லன்னா டாக்டர்கிட்ட போகணும், அதை கீழ சொல்றேன்.

ஜெபத்துல உருகும்போது யாருக்கும் புரியாத ஒலிகளா தானா வர்ற அந்நிய பாஷையை நானும் பேசினேனே. அப்ப அது நடிப்பா? நான் எல்லாரையும் ஏமாத்தினேனா?

இல்ல. நீங்க ஏமாத்தல. அந்த கண்ணீர் நிஜம், அந்த சந்தோஷம் நிஜம். என்ன நடந்துச்சுங்கறதுக்குத்தான் விளக்கம் வேற. வில்லியம் சமாரின்னு ஒரு மொழியியல் அறிஞர் பல ஊர்ல ஆராய்ச்சி பண்ணி 1972ல எழுதினார், அந்நிய பாஷையில வர்ற ஒலிகள் பேசறவரோட சொந்த மொழி ஒலிகள்ல இருந்துதான் வருது, ஆனா ஒரு மொழிக்கான அமைப்பு அதுல இல்லன்னு. 2006ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல ஆண்ட்ரூ நியூபெர்க் குழு அந்நிய பாஷை பேசற 5 பெண்களோட மூளையை ஸ்கேன் பண்ணி பாத்தாங்க, நாம வேணும்னு கட்டுப்படுத்தி செய்யற வேலைகளுக்கான முன்பகுதியில செயல்பாடு குறைஞ்சிருந்துச்சு. அதாவது நான் பேசல அது தானா வந்துச்சுன்னு அவங்க சொன்னது பொய் இல்ல. 5 பேர்ங்கறது சின்ன எண்ணிக்கைதான், அதை வெச்சு பெருசா எதையும் நிரூபிக்க முடியாது, ஆனா குற்ற உணர்ச்சியோட சுத்தறவங்களுக்கு இது தெரியணும்னு நினைக்கறேன்.

இன்னொண்ணு, இந்த அந்நிய பாஷை அனுபவம் அமெரிக்காவுல 1906ல அசுசா தெருவுல ஆரம்பிச்சதுன்னு சொல்லுவாங்க, அதுக்கு 46 வருஷம் முன்னாடியே, 1860ல, நம்ம திருநெல்வேலி சீமையில ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் காலத்து எழுப்புதல்ல அந்நிய பாஷை பேசினதா பதிவு இருக்கு. இது மனுஷங்க கூட்டமா உருகி நிக்கும்போது வர்ற அனுபவம், அதை அனுபவிச்சதுக்கு நீங்க வெக்கப்பட வேண்டியதில்ல.

நான் வயித்துல இருக்கும்போதே எங்கம்மா என்னை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்துட்டாங்க. நான் விலகினா அந்த பொருத்தனை, அதாவது நேர்த்திக்கடன், சாபமா மாறிடும்னு அழறாங்க.

வேதத்துல அன்னாள் தன் பிள்ளை சாமுவேலை ஒப்புக்கொடுத்த மாதிரின்னு சொல்லியிருப்பாங்க. அந்த அம்மாவுக்கு பல வருஷம் பிள்ளை இல்லாம இருந்திருக்கும், இல்ல பிரசவத்துல உயிருக்கு போராடியிருப்பாங்க, அந்த நேரத்துல வாயில வந்த வார்த்தை அது. அதை கிண்டல் பண்ணாதீங்க, அவங்க வாழ்க்கையிலயே பெரிய விஷயம் நீங்கதான். ஆனா இன்னொருத்தர் பண்ணின பொருத்தனைக்கு உங்க வாழ்க்கையை கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்ல.

அம்மாகிட்ட பேசறதுக்கு ஒரு வழி சொல்றேன், நாத்திகம் பேசி அவங்கள சமாதானப்படுத்த முடியாது, அவங்க நம்பற வேதத்துல இருந்தே பேசுங்க. லேவியராகமம் 27ம் அதிகாரத்தை அவங்களோட சேந்து உக்காந்து வாசிங்க. பொருத்தனை பண்ணி ஒப்புக்கொடுத்த ஆளை பணம் கொடுத்து மீட்டுக்கலாம்னு அங்க விலையோட எழுதியிருக்கு, 20 வயசுல இருந்து 60 வயசுக்குள்ள ஆணுக்கு 50 சேக்கல் வெள்ளி, பெண்ணுக்கு 30, ஏழையா இருந்தா அவன் சக்திக்கு ஏத்தபடி ஆசாரியன் குறைக்கலாம். எனக்கு தெரிஞ்ச ஒரு தம்பி இதை காட்டி, ஒரு தொகையை அம்மா கையில கொடுத்து உங்களுக்கு எந்த ஏழைக்கு தோணுதோ கொடுங்கம்மான்னு சொன்னான், அந்த அம்மா அன்னைக்குத்தான் நிம்மதியா தூங்கினாங்களாம். அவனுக்கு அதுல நம்பிக்கை இல்ல, ஆனா அவன் அம்மாவுக்காக செஞ்சான். இதை நான் பொய்னு நினைக்கல.

பாஸ்டரும் மூப்பர்களும் வீட்டுக்கு வந்து பேசணும்கறாங்க. போகணுமா, உக்காரணுமா?

வேணாம்னா வேணாம். வந்துட்டா தண்ணி கொடுங்க, மரியாதையா பேசுங்க, ஆனா நாலு பேருக்கு நடுவுல தனியா உக்காராதீங்க. ஏன் வரலைன்னு கேட்டா, எனக்கு இப்ப வர விருப்பம் இல்லைங்க ஐயான்னு ஒரே வரி போதும். வாதத்துல இறங்கினா அவங்களுக்கு அது தினசரி வேலை, உங்களுக்கு இல்ல. உங்க தலையில கை வெச்சு ஜெபம் பண்ண கேட்டா வேணாம்னு சொல்லலாம், அம்மா முகத்துக்காக ஒத்துக்கிட்டாலும் தப்பில்ல. நீங்க அந்தரங்கமா பாஸ்டர்கிட்ட சொன்ன பாவ அறிக்கையை எடுத்து மிரட்டினா, ஆடியோவோ மெசேஜோ இருந்தா பத்திரமா வைங்க, அப்படி மிரட்டறது குற்றம், போலீஸ்ல புகார் கொடுக்கலாம்.

சபை வாட்ஸ்அப் குரூப்ல இருந்து வெளியேறினா எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே?

2022ல இருந்து அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும், ஆனா வெளியேறினவங்க பட்டியலை 60 நாள் வரைக்கும் மத்தவங்களும் தேடி பாக்கலாம். முதல்ல மியூட் பண்ணி ஆர்க்கைவ்ல போட்டுடுங்க, அது போதும்.

இத்தனை வருஷம் கொடுத்த தசமபாகத்தை, அதாவது வருமானத்துல பத்துல ஒரு பங்கை, திரும்ப கேக்கலாமா?

மனசார கொடுத்த காணிக்கை சட்டப்படி தானம்தான், திரும்ப வாங்கறது ரொம்ப கஷ்டம். கடனா கொடுத்திருந்து எழுத்து இருந்தா அது வேற. இனிமே கொடுக்காதீங்க, தசமபாகம் கொடுக்காதவங்களுக்கு சாபம்னு மல்கியா 3ம் அதிகாரத்தை காட்டி பயமுறுத்தினாலும் சரி.

எங்க சபையில மருந்து எடுக்கறது அவிசுவாசம். இப்ப எங்கருந்து ஆரம்பிக்கறது?

மத்த எல்லாத்தையும் மெதுவா பண்ணுங்க, இதை மட்டும் இந்த வாரமே பண்ணுங்க. பக்கத்துல இருக்கற மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போய் சுகர், பிரஷர் பாருங்க, காசு கிடையாது, சபைக்கு போறதை நிறுத்தணும்னும் அவசியம் இல்ல, யாருக்கும் தெரியாம போய் வரலாம். குழந்தைக்கு தடுப்பூசி போடாம விட்டிருந்தா புதன்கிழமை தடுப்பூசி நாள், எடுத்துட்டு போங்க. பிறந்தவுடனே போட வேண்டிய பிசிஜி, 6, 10, 14 வாரத்துல பென்டாவேலன்ட், 9 மாசத்துல தட்டம்மை ரூபெல்லா, இப்படி ஒரு அட்டவணை இருக்கு, விட்டுப்போனதுல எதை இன்னும் போடலாம்னு வயசை பாத்து நர்ஸ் சொல்லுவாங்க. இத்தனை நாள் ஏன் போடலன்னு திட்டினா வாங்கிக்கங்க, குழந்தைக்கு ஊசி போட்டா சரி.

வீட்ல பெரியவங்க சுகர் மாத்திரை எடுக்க மாட்டேங்கறாங்கன்னா, 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே கொண்டு வந்து தர்றாங்க, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா விசுவாசிங்க பாத்துடுவாங்கன்னு பயப்படற அம்மாக்களுக்கு அது நிஜமாவே உதவுது. லூக்கா வைத்தியர்தான்னு கொலோசெயர் 4:14ல இருக்கு, வயித்து பிரச்சினைக்கு கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கோன்னு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கார், இதை சண்டையா இல்லாம அன்பா எடுத்து சொல்லுங்க.

கம்மல் போடணும்னு ஆசையா இருக்கு, ஆனா கண்ணாடி முன்னாடி நின்னா பாவம் பண்ற மாதிரி கை நடுங்குது.

நடுங்கட்டும், போட்டுக்கங்க சிஸ்டர். போட பிடிக்கலன்னா போடாதீங்க, வெள்ளை புடவையே பிடிச்சிருக்குன்னா அதுவே இருக்கட்டும். வெளிய வந்ததுக்கு அடையாளமா எதையும் செஞ்சு காட்டணும்னு இல்ல.

சபை இல்லாம கல்யாணம் எப்படி பண்றது?

1954ம் வருஷத்து சிறப்பு திருமண சட்டம் உங்களுக்குத்தான் இருக்கு, மதம் மாற வேணாம், மதம் இருக்கணும்னுகூட இல்ல. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18. ரெண்டு பேர்ல ஒருத்தராவது 30 நாள் அந்த எல்லைக்குள்ள குடியிருந்திருக்கணும், பதிவாளர் ஆபீஸ்ல நோட்டீஸ் கொடுத்தா 30 நாள் அங்க ஒட்டி வைப்பாங்க, நியாயமான ஆட்சேபனை இல்லன்னா நோட்டீஸ் கொடுத்த 3 மாசத்துக்குள்ள 3 சாட்சியோட கல்யாணம். ஜாக்கிரதையா இருக்க வேண்டியது அந்த நோட்டீஸ்தான், நிரந்தர முகவரி தூத்துக்குடியோ நாகர்கோவிலோன்னா அந்த ஊர் ஆபீஸுக்கும் ஒரு காப்பி போகும், அங்க சித்தப்பா பாத்துட்டு போன் போடுவார். முன்கூட்டியே யோசிச்சு வைங்க.

சுயமரியாதை கல்யாணம் பண்ணிக்கலாமேன்னு நிறைய பேர் கேக்கறாங்க. 1967ல அண்ணா ஆட்சியில வந்த அந்த திருத்தம் இந்து திருமண சட்டத்துல இருக்கு, அதனால சட்டப்படி ரெண்டு பேரும் இந்துவா இருந்தாதான் செல்லும். கிறிஸ்தவ பின்னணிக்காரங்க விழாவை பெரியார் திடல்ல வெச்சுக்கிட்டாலும் பதிவை சிறப்பு திருமண சட்டத்துல பண்ணிக்கறதுதான் பத்திரம்.

எனக்கு நம்பிக்கை போச்சு, என் மனைவிக்கு போகல. ரெண்டு பிள்ளைங்க வேற. என்ன பண்றது?

இதுக்கு சுலபமான பதில் என்கிட்ட இல்ல, பாத்ததை சொல்றேன். சேந்து வாழற ஜோடிங்க இருக்காங்க. அவங்கள்ல யாரும் மத்தவங்கள மாத்த பாக்கல. அப்படி ஒருத்தர் மனைவியை பைக்ல சபை வாசல்ல இறக்கி விடுவார், ஆராதனை முடியற வரைக்கும் பக்கத்து டீக்கடையில உக்காந்திருப்பார், அவங்க அவருக்காக ஜெபம் பண்றதை நிறுத்த மாட்டாங்க, அவரும் அதை அன்புன்னு எடுத்துக்கறார். உங்க மனைவி இடத்துல இருந்து யோசிங்க, அவங்க கட்டிக்கிட்டது ஒரு விசுவாசியை, இப்ப புருஷன் நரகத்துக்கு போவார்னு நிஜமாவே நம்பி ராத்திரி அழறாங்க, அந்த பயத்துக்கு முன்னாடி உங்க புத்தக அறிவு உதவாது. பிள்ளைங்க விஷயத்துல மட்டும் சில கோடு போடுங்க, மருந்து, தடுப்பூசி, படிப்பு, அடி, நரகத்தை காட்டி மிரட்டறது, இதுல விட்டுக்கொடுக்காதீங்க, பாட்டு கத்துக்கறது கதை கேக்கறதெல்லாம் போகட்டும்.

சொந்தக்காரங்க விவாகரத்து பண்ண சொல்லி மிரட்டுவாங்க. கிறிஸ்தவ திருமணத்துக்கான 1869ம் வருஷத்து விவாகரத்து சட்டத்துல, இன்னொரு மதத்துக்கு மாறினா அது ஒரு காரணம், நம்பிக்கை இல்லாம போறது மட்டும் காரணம் இல்ல. பிள்ளைங்க யார்கிட்ட இருக்கணும்னு கோர்ட் முடிவு பண்ணும்போது பிள்ளையோட நலன்தான் முதல்ல.

சாதி சான்றிதழ், ஸ்கூல் ரெக்கார்டு எல்லாம் மாத்தணுமா?

சபைக்கு போறதை நிறுத்தினதால எந்த பேப்பரும் தானா மாறாது. பிள்ளையை ஸ்கூல்ல சேக்கும்போது சாதி மதம் கட்டத்தை காலியா விடலாம்னு தமிழ்நாட்டுல 1973லயும் 2000த்துலயும் அரசாணை இருக்கு. திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா பார்த்திபராஜா 2019 பிப்ரவரியில சாதி மதம் அற்றவர்னு சான்றிதழே வாங்கினாங்க. ஆனா அப்படி வாங்கினா இடஒதுக்கீடு போயிடும், உங்களுக்கும் பிள்ளைக்கும் அது தேவையான்னு யோசிச்சு, ஒரு வக்கீலை பாத்துட்டு செய்யுங்க, உணர்ச்சிவசப்பட்டு வேணாம். இந்த நாட்டுல நீங்க தனி ஆள் இல்ல, 2011 கணக்கெடுப்புல மதம் சொல்லாதவங்க 28 லட்சத்துக்கு மேல.

அப்பா சொத்து தரமாட்டேன்கறார்.

அவர் சுயமா சம்பாதிச்சதை யாருக்கு வேணா உயில் எழுதலாம், சபைக்கும் எழுதலாம். உயில் இல்லாம காலமானா 1925ம் வருஷத்து இந்திய வாரிசுரிமை சட்டப்படி கிறிஸ்தவ குடும்பத்துல மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மீதி பிள்ளைங்களுக்கு சமமா, மகன் மகள் வித்தியாசம் இல்ல, யார் சபைக்கு போறாங்கன்னும் பாக்க மாட்டாங்க.

வீட்ல பூட்டி வெச்சிருக்காங்க, போனை புடுங்கிட்டாங்க. நான் மேஜர்தான்.

எப்படியாவது ஒரு போன் கிடைச்சா 112க்கு, பெண்கள்னா 181க்கு கூப்பிடுங்க. நம்பகமான ஒருத்தர், உங்களை கோர்ட்டுக்கு கொண்டு வர சொல்லி, உயர் நீதிமன்றத்துல ஆட்கொணர்வு மனு போடலாம். 2018ல ஹாதியா வழக்குல வயசு வந்தவங்க தன் மதத்தையும் துணையையும் தானே தேர்ந்தெடுக்கலாம், அதுல பெத்தவங்களோ கோர்ட்டோ தலையிட முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு. இலவச சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

ஞாயித்துக்கிழமை வந்தா பைத்தியம் பிடிக்கற மாதிரி இருக்கு. பாட்டு வேற ஞாபகம் வருது.

சபைங்கறது வெறும் போதனை மட்டும் இல்ல. வேலை போனா அரிசி வாங்கி கொடுத்தவங்க, பிரசவத்துக்கு ரத்தம் கொடுத்தவங்க, கல்யாணத்துக்கு பந்தி பரிமாறினவங்க அவங்கதான். அதை இழக்கறது துக்கம், துக்கமாவே இருந்துட்டு போங்க, எனக்கு சுதந்திரம் கிடைச்சுடுச்சே ஏன் அழறேன்னு குழம்பாதீங்க. வாரத்துல ரெண்டு தடவை நூறு பேரை பாத்து பழகின ஆளுக்கு திடீர்னு யாருமே இல்லாம போறது சின்ன விஷயம் இல்ல, அதனால சபையை குறைக்கறதுக்கு முன்னாடியே வேற ஒரு இடத்துல ஆள் சேத்து வைங்க, ஏரியா கிரிக்கெட் டீம், ரத்ததான குழு, கோட்டூர்புரம் நூலகம், பெசன்ட் நகர் பீச்ல காலையில ஓடறவங்க, மொழி வகுப்பு, எதுவா இருந்தாலும் வாராவாரம் ஒரே முகங்களை பாக்கற மாதிரி இருக்கட்டும்.

பாட்டை விட வேண்டியதே இல்ல. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் காலத்துல இருந்து வர்ற கீர்த்தனைங்க தமிழோட சொத்து, நம்பறவங்களுக்கு மட்டும் சொந்தம் இல்ல. நான் இன்னைக்கும் பாத்திரம் கழுவும்போது பாடறேன், கிறிஸ்துமஸுக்கு அம்மா ஹார்மோனியம் எடுத்தா கூட உக்காந்து ரெண்டாவது குரல் எடுக்கறேன், அவங்க நான் திரும்பி வந்துடுவேன்னு நினைக்கறாங்கன்னு தெரியும், நான் வரமாட்டேன்னு அவங்களுக்கும் உள்ளுக்குள்ள தெரியும், பாட்டு பாட்டுதான்.

வெளிய வந்தா நாத்திகரா ஆகியே தீரணுமா?

இல்ல. சென்னையில அதுக்கு பெரிய மரபு உண்டு, பெரியாருக்கு முன்னாடி 1880கள்லயே இங்க தத்துவ விவேசினின்னு நாத்திகர்கள் தமிழ் பத்திரிகை நடத்தினாங்க. வேப்பேரி பெரியார் திடலுக்கு போய் கூட்டம் கேளுங்க, பிடிச்சா இருங்க, பிடிக்கலன்னா எந்திரிச்சு வாங்க. ஒரு இயக்கத்துல இருந்து வெளிய வந்த கையோட இன்னொண்ணுல முழுசா குதிக்க வேணாம்னுதான் நான் சொல்லுவேன்.

தூக்கம் இல்ல, சாகலாம்னு தோணுது.

இப்பவே பேசுங்க. டெலி மானஸ் 14416, நாள் முழுக்க, இலவசம், தமிழ்ல பேசுவாங்க. சென்னையில 1986ல இருந்து இருக்கற சினேகா தற்கொலை தடுப்பு மையம் 044-24640050. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில வெளிநோயாளியா பாத்துட்டு அன்னைக்கே வீட்டுக்கு வரலாம். கவுன்சிலர்கிட்ட முதல் நாளே கேளுங்க, நீங்க ஜெபம் பண்ண சொல்லி அனுப்புவீங்களான்னு, ஆமான்னா வேற ஆளை பாருங்க. மர்லின் வினெல்ங்கற அமெரிக்க உளவியலாளர் 2011ல மத அதிர்ச்சி பாதிப்புன்னு இதுக்கு ஒரு பேர் வெச்சு எழுதினார், அது அதிகாரப்பூர்வ நோய் பட்டியல்ல இல்ல, ஆனா பதட்டமும் மனச்சோர்வும் பட்டியல்ல இருக்கு, அதுக்கு மருந்தும் இருக்கு.

நான் கிறிஸ்தவக் குடும்பம் இல்ல, வேற மதத்துல இதே மாதிரி கண்டிப்பு. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பணம், பேப்பர், தங்கற இடம், மெதுவா போறது, எல்லாம் பொருந்தும். கல்யாணம், சொத்து சட்டம் மாறும், உங்க மதத்துக்கான சட்டம் தெரிஞ்ச வக்கீலை பாருங்க. பாதுகாப்பை மட்டும் சாதாரணமா எடுத்துக்காதீங்க, 2017 மார்ச்ல கோயம்புத்தூர்ல ஃபாரூக்னு ஒரு நாத்திகரை கொலை பண்ணினாங்க. ஃபேஸ்புக்ல சொந்த பேர்ல எழுதறதுக்கு முன்னாடி யார் யார் படிப்பாங்கன்னு யோசிங்க, தைரியத்தை காட்டறதுக்கு அது இடம் இல்ல.

நான் செத்தா எங்க அடக்கம் பண்ணுவாங்க? சபை கல்லறையில இடம் தரமாட்டாங்கன்னு அப்பா சொல்றார்.

இதை சிரிப்பா எடுத்துக்காதீங்க, நம்ம வீடுகள்ல கடைசி ஆயுதமா இதைத்தான் எடுப்பாங்க, நிறைய பேர் இந்த ஒரு பயத்துக்காகவே அம்பது வயசு வரைக்கும் பின் பெஞ்சில உக்காந்திருக்காங்க. சென்னை மாநகராட்சி மயானங்கள்ல எரிக்கவும் புதைக்கவும் கட்டணம் இல்ல, எந்த சபை லெட்டரும் வேணாம், இறப்புக்கான டாக்டர் சான்றும் அடையாள அட்டையும் போதும். உடல் தானம் பண்ண விருப்பம்னா மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில இப்பவே எழுதி கொடுக்கலாம், ஆனா உங்க வீட்டு ஆள் அன்னைக்கு போன் பண்ணி சொன்னாதான் நடக்கும், அதனால நம்பற ஒருத்தர்கிட்ட ஒரு காப்பி கொடுத்து வைங்க. அப்பா அம்மா அடக்கத்துக்கு நீங்க போகணும், முன்வரிசையில நிக்கணும், பெட்டியை தூக்கணும், அவங்க நம்பின பாட்டை பாடித்தான் அனுப்பணும். உன்னை வரவிடமாட்டோம்னு யாராவது மூப்பர் சொன்னா, பிள்ளைங்கற உறவை ரத்து பண்ற அதிகாரம் எந்த சபைக்கும் இல்லன்னு உங்க சித்தப்பாவோ மாமாவோ ஒருத்தரை முன்னாடியே பேசி தயார் பண்ணி வைங்க, அன்னைக்கு உங்களுக்கு பேச வாய் வராது.